அழியாத சக்தியும் அச்சேறாத மறுப்பும்

சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்திற்கு மாற்ற மட்டுமே முடியும். எமது காலத்தில் க.பொ.த. சாதாரண தரத்திற்கு விஞ்ஞானம் படித்த எவரும் இந்த வாசகத்தை மனனம் செய்யாமல் பரீட்சை மண்டபத்திற்குள் சென்றிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் மனனம் செய்தேன். பின்னர் கலைப்பீட மாணவனாகப் பல்கலைக்கழகம் சென்று, அங்கிருந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, பௌதிகவியலை முற்றாகவே மறந்துபோனேன். ஆனாலும் அந்த ஒரு வாசகம் மட்டும் மறக்கவில்லை. மலையைப் போல அது என்றென்றும் இருந்துவந்த ஒன்று என்ற எண்ணமே எனக்கு இருந்தது.

அண்மையில் அந்த விதியின் வரலாற்றை வாசிக்க நேர்ந்தபோதுதான், அது உலகிற்கு வந்து சேர்ந்த பாதையில் ஓர் ஆசிரியரின் மேசை லாச்சியும் இரண்டு செய்திப் பத்திரிகைகளும் குறுக்கிட்டிருக்கின்றன என்பதை அறிந்தேன். ஒரு பத்திரிகை இடம் கொடுத்தது, மற்றொன்று மறுத்தது. விஞ்ஞானியல்லாத நான் இவ்விடயத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் அதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் என்பது ஒரு பொருள் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதினர். கண்ணுக்குத் தெரியாத, நிறையற்ற ஒரு பாய்மம். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது ஒழுகிச் செல்கிறது என்பது அவர்களது கொள்கை. நவீன இரசாயனவியலின் தந்தை எனப் போற்றப்படும் லவோசியே அதனை மூலகங்களின் பட்டியலில் சேர்த்து, கலோரிக் என்று பெயரும் சூட்டியிருந்தார். இக்கொள்கை மீது விழுந்த முதலாவது பெரிய அடி ஒரு பீரங்கித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசின் சேவையிலிருந்த ரம்போர்ட் பிரபு, மியூனிக் நகரில் பித்தளைப் பீரங்கிகளுக்குத் துளையிடும் வேலையை மேற்பார்வை செய்துவந்தார். துளையிடும்போது உலோகம் கடுமையாகச் சூடேறுவதைக் கண்ட அவர், பீரங்கியைச் சுற்றி நீரை நிரப்பி, மழுங்கிய துளைகருவியைக் கொண்டு, குதிரைகளின் உழைப்பில் அதனைச் சுழல வைத்தார். இரண்டரை மணித்தியாலங்களில் நீர் கொதித்தது. நெருப்பு இல்லை, ஆனால் நீர் கொதிக்கிறது. குதிரைகள் சுற்றும்வரை வெப்பமும் வந்துகொண்டேயிருந்தது. ஒரு பொருளுக்குள் அடைபட்டிருக்கும் பாய்மமாயின் அது ஒருநாள் தீர்ந்துபோக வேண்டுமல்லவா? 1798இல் ரம்போர்ட் இக்கேள்வியை எழுப்பினார். கேள்வி நின்றது, கொள்கையும் தொடர்ந்து நின்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் இரண்டும் அருகருகே நின்றன.

இனி எமது கதாநாயகனுக்கு வருவோம். ஜூலியஸ் ரொபேர்ட் மேயர், ஜேர்மனியின் தென்பகுதியில், நெக்கார் நதிக்கரையிலுள்ள ஹைல்பிரொன் என்ற நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை மருந்துக்கடைக்காரர். சிறுவனாக இருந்தபோது மேயர் ஒரு விளையாட்டு நீர்ச்சில்லைச் செய்தார். விழும் நீர் சில்லைச் சுற்றும்; சில்லு ஒரு திருகை இயக்கும்; அந்தத் திருகு விழுந்த நீரையே மீண்டும் மேலே ஏற்றும்; இப்படியே அது என்றென்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவரது எண்ணம். அது ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்ற கேள்வி சிறுவனின் மனதில் தங்கிவிட்டது. இயற்கையிடம் ஒன்றும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்ற பாடத்தை அவர் அன்றே கற்றுக்கொண்டார் எனலாம்.

தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த மேயர், 1840 பெப்ரவரியில் ஒல்லாந்தக் கப்பலொன்றில் மருத்துவராக ரொட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜாவா நோக்கிப் புறப்பட்டார். மாதக்கணக்கான கடற்பயணம். புயலில் அலைக்கழிக்கப்பட்ட கடல்நீர் அமைதியான கடல்நீரைவிடச் சூடாக இருக்கும் என்று சுக்கான் பிடிப்பவர் ஒருவர் தன்னிடம் கூறியதாக மேயர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்.

ஜாவாவை அடைந்ததும் மாலுமிகள் சிலர் நோயுற்றனர். இரத்தம் வடித்தல் அக்கால வைத்திய முறை. மேயர் ஒரு மாலுமியின் கையிலுள்ள நாளத்தை வெட்டியபோது வெளிவந்த இரத்தம் வழமையான கருஞ்சிவப்பாக இல்லை. பளிச்சென்ற சிவப்பாக இருந்தது. தவறுதலாக நாடியை வெட்டிவிட்டேனோ என்று அவர் திடுக்கிட்டார். வெப்பவலயத்தில் இது வழமையானதே என்று அங்கிருந்த மருத்துவர்கள் கூறினர். மற்றவர்களுக்கு வழமையாகத் தோன்றிய அந்த ஒன்றிலேயே மேயரின் சிந்தனை சிக்கிக்கொண்டது.

அவரது சிந்தனை சென்ற வழி இது. உடலின் வெப்பம், உண்ட உணவு ஒட்சிசனோடு சேர்ந்து எரிவதால் உண்டாகிறது. இது லவோசியே காட்டிய உண்மை. வெப்பமான நாட்டில் உடலிலிருந்து வெளியேறும் வெப்பம் குறைவு. எனவே எரிக்க வேண்டியதும் குறைவு. எனவே திரும்பி வரும் இரத்தத்தில் ஒட்சிசன் அதிகம் எஞ்சியிருக்கிறது. அதனாலேயே அது சிவப்பாக இருக்கிறது. இத்துடன் நின்றிருந்தால் அவர் ஒரு மருத்துவக் குறிப்பை எழுதிவிட்டு மறக்கப்பட்டிருப்பார். அவர் அடுத்த படிக்குச் சென்றார். மனிதன் உடலைச் சூடாக வைத்திருப்பதோடு வேலையும் செய்கிறான். சுமை தூக்குகிறான், உராய்வினால் உடலுக்கு வெளியேயும் வெப்பத்தை உண்டாக்குகிறான். இவை யாவற்றிற்கும் மூலதனம் அதே உணவுதான். அப்படியாயின் வெப்பமும் வேலையும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட வேண்டியவை. ஒன்று மற்றொன்றாக மாறும்போது ஒரு நிலையான நாணய மாற்று விகிதம் இருந்தேயாக வேண்டும்.

வெப்பமான சூழலில் நாள இரத்தம் சிவப்பாவதற்கு, தோலினூடாகப் பாயும் இரத்தத்தின் அளவு பெருகுவதே முக்கிய காரணம் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. ஆகவே மேயரின் முதற்படி அரைகுறையானது. ஆனால் அது அவரைக் கொண்டுசேர்த்த இடம் சரியானது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய விசித்திரங்கள் பல உண்டு.

1841இல் நாடு திரும்பிய மேயர், தனது எண்ணத்தைக் கட்டுரையாக்கி, அந்நாளில் ஜேர்மனியின் முதன்மையான பௌதிகவியற் சஞ்சிகையின் ஆசிரியரான பொகென்டோர்ஃப் என்பவருக்கு ஜூன் மாதம் அனுப்பிவைத்தார். பதில் வரவில்லை. நினைவூட்டி எழுதினார், அதற்கும் பதில் இல்லை. பிரசுரிக்காவிட்டால் திருப்பியாவது அனுப்புங்கள் என்று கேட்டார், அதுவும் நடக்கவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதி ஆசிரியரின் காகிதங்களுக்கிடையே முப்பத்தாறு ஆண்டுகள் கிடந்து, 1877இல் அவர் மறைந்த பின்னரே கண்டெடுக்கப்பட்டது.

பொகென்டோர்ஃப் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால் நியாயமும் பேச வேண்டும். அந்த முதற் கட்டுரை குறைபாடுகள் நிறைந்தது. பௌதிகவியலை முறையாகப் பயிலாத மேயர், அசைவின் அளவைக் கணக்கிடுவதில் அடிப்படைத் தவறு செய்திருந்தார்; வேகத்தின் வர்க்கத்தை எடுக்க வேண்டிய இடத்தில் வேகத்தையே எடுத்திருந்தார். பரிசோதனை எதுவும் இல்லை; தத்துவ நடை வேறு. எந்த ஆசிரியரும் தயங்கியிருப்பார். நிராகரித்தது குற்றமன்று. இரண்டு வரிப் பதில்கூட எழுதாமல் விட்டதே குற்றம்.

மேயர் குறைகளை உணர்ந்து நண்பரொருவரிடம் கணிதம் கற்றார். ஹைடல்பேர்க்கில் ஜொலி என்ற பேராசிரியரைச் சந்தித்தபோது நிகழ்ந்ததாக ஒரு கதை உண்டு. நீங்கள் சொல்வது உண்மையானால் நீரைக் குலுக்கினாலே அது சூடாக வேண்டுமே என்றாராம் பேராசிரியர். மேயர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சில வாரங்களின் பின்னர் ஒருவர் மூச்சிரைக்க வந்து, தமது ஊர்ப் பேச்சுவழக்கில், அது அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு நின்றார். யார் இவர், எது அப்படி என்று பேராசிரியருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்ததாம்.

திருத்தி எழுதிய கட்டுரையை 1842 மே மாதம் லீபிக் என்ற பெரும் இரசாயனவியலாளர் தமது சஞ்சிகையில் வெளியிட்டார். அதில்தான் அந்த நாணய மாற்று விகிதம் முதன்முதலாக அச்சில் வந்தது. வாயுவை மூடிய பாத்திரத்தில் சூடாக்குவதற்குத் தேவையான வெப்பம் குறைவு. அதே வாயுவை விரிய விட்டுச் சூடாக்கினால் கூடுதல் வெப்பம் தேவை. அந்த மேலதிக வெப்பம், சூழவுள்ள வளிமண்டலத்தைத் தள்ளி வேலை செய்வதில் செலவாகிறது என்று மேயர் கண்டார். இதிலிருந்து, ஒரு நிறை 365 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் வேலை, அதே நிறையுள்ள நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்கும் வெப்பத்திற்குச் சமன் என்று கணித்தார். இன்று நாம் அறிந்த பெறுமானம் ஏறத்தாழ 427 மீற்றர். வாயுக்கள் பற்றி அன்று கிடைத்த தரவுகள் பிழையாக இருந்தமையால் விடையும் குறைந்தது. வழி சரியானது.

1845இல் அவர் எழுதிய அடுத்த நூல் இன்னும் விரிவானது. உயரத்திலுள்ள பொருள், அசைவு, வெப்பம், மின்னும் காந்தமும், இரசாயனப் பிரிவு என்று சக்தியின் வடிவங்களை வகுத்து, ஒவ்வொன்றும் மற்றதாக மாறும் விதத்தை அதில் விளக்கினார். பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியைப் பிடித்து இரசாயன வடிவில் சேமித்து வைக்கின்றன. விலங்குகளின் வெப்பமும் உழைப்பும் அந்தச் சேமிப்பிலிருந்தே வருகின்றன என்று கூறினார். இன்றைய பாடநூல் எதிலும் காணப்படும் உண்மை இது. ஆனால் அன்று அதனை வெளியிட ஒரு சஞ்சிகையும் கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் ஹைல்பிரொனிலேயே அச்சிட்டார். வாசித்தவர்கள் மிகச் சிலரே.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொருவர் வேறொரு வழியாக அதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். மன்செஸ்டரை அடுத்த சல்போர்ட்டில் 1818இல் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூல், பியர் வடிசாலை உரிமையாளரின் மகன். அவரும் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் அல்லர். சிறுவயதில் ஜோன் டால்டனிடம் பாடம் கேட்டவர். வடிசாலைத் தொழிலில் வெப்பத்தை நுணுக்கமாக அளக்கும் பழக்கம் உள்ளவர். மேயர் சிந்தித்தார், யூல் அளந்தார். விழும் எடைகளைக் கொண்டு பாத்திரத்திலுள்ள நீரைத் துடுப்புகளால் கலக்கி, அதனால் உயரும் வெப்பநிலையை, ஒரு பாகையின் மிகச் சிறு பின்னங்களையும் காட்டும் வெப்பமானியால் மீண்டும் மீண்டும் அளந்தார். புயலில் கடல் சூடாகும் என்ற மாலுமியின் பேச்சு இங்கே ஒரு பரிசோதனையாக உருப்பெற்றது எனலாம்.

யூலையும் அறிவுலகம் வரவேற்கவில்லை. 1843இல் கோர்க் நகரில் அவர் தமது முடிவுகளை வாசித்தபோது மௌனமே பதிலாகக் கிடைத்தது. 1847 ஏப்ரலில், சக்தி அழிவதில்லை என்ற கருத்தை முழுமையாக விளக்கி மன்செஸ்டரில் தேவாலயமொன்றின் வாசிகசாலையில் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதை அச்சேற்ற விரும்பி உள்ளூர்ப் பத்திரிகைகளை நாடினார். அந்நாளிலேயே பெயர்பெற்றிருந்த மன்செஸ்டர் கார்டியன், தான் தெரிவுசெய்யும் பகுதிகளை மட்டுமே வெளியிட முடியும் என்றது. அவரது சகோதரர் சங்கீத விமர்சனம் எழுதிவந்த மன்செஸ்டர் கூரியர் முழுவதையும் இரண்டு இதழ்களில் வெளியிட்டது. பௌதிகவியலின் தலையாய விதிகளில் ஒன்று பற்றிய யூலின் முதலாவது முழுமையான விளக்கம், ஒரு மாகாணப் பத்திரிகையின் பத்திகளிலேயே வெளிவந்தது என்பது எம்போன்றவர்களுக்குப் பெருமை தரும் செய்தி.

அதே ஆண்டு ஜூனில் ஒக்ஸ்போர்ட்டில் அவர் பேசியபோது, 22 வயது இளைஞர் ஒருவர் எழுந்து அக்கறையுடன் கருத்துத் தெரிவித்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன்தான் அவர். அதன் பின்னர் யூலின் பெயர் உயர்ந்தது. அதே 1847இல் பேர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இளம் இராணுவ மருத்துவர் இவ்விதிக்குக் கணித வடிவம் கொடுத்தார். அவரது கட்டுரையையும் பொகென்டோர்ஃப் ஏற்கவில்லை. தனி நூலாகவே அது வெளிவந்தது. மேயரின் பெயர் அதில் இல்லை.

யூலின் புகழைக் கண்ட மேயர், முதலில் கண்டவன் நான் என்று பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்திற்கு எழுதினார். யூல் பதிலளித்தார். சர்ச்சை தொடர்ந்தது. 1848இல் மேயர் தமது குழந்தைகளில் இருவரைச் சில நாட்களுக்குள் பறிகொடுத்திருந்தார். புரட்சியின் கொந்தளிப்பு நாட்டில், துக்கம் வீட்டில். இந்நிலையில் 1849 மே மாதம், ஜேர்மன் உலகின் செல்வாக்குமிக்க நாளேடுகளில் ஒன்றான அவுக்ஸ்புர்க் நகரின் அல்கெமைன சைற்றுங் பத்திரிகையில் தமது கண்டுபிடிப்பைப் பற்றி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஒரு வாரத்தில் அதே பத்திரிகையில், தூபிங்கனைச் சேர்ந்த செய்ஃபர் என்ற விரிவுரையாளர், மேயரின் கருத்து விஞ்ஞானத்திற்குப் புறம்பானது என்று அவரை எள்ளி நகையாடி எழுதினார். மேயர் மறுப்பு எழுதி அனுப்பினார். பத்திரிகை அதனை வெளியிடவில்லை.

தாக்குதல் அச்சில் இருக்கிறது. மறுப்பு இல்லை. ஊரார் வாசித்தது முன்னதை மட்டுமே. தன் சொந்த ஊரில், தன்னிடம் வைத்தியத்திற்கு வரும் நோயாளர் மத்தியில், மேயர் ஒரு வீண்பெருமைக்காரராக நடமாட வேண்டியதாயிற்று. ஓராண்டின் பின்னர், 1850 மே 28ஆம் திகதி, உறக்கமற்ற ஓர் இரவின் முடிவில், அவர் தமது வீட்டு மேல்மாடி யன்னலிலிருந்து வீதியில் குதித்தார். உயிர் பிழைத்தது, கால் ஊனமுற்றது. தொடர்ந்து மனநோயாளர் விடுதிகளில் அடைக்கப்பட்டு, கட்டுப்பாட்டுக் கதிரையில் கட்டிவைக்கப்பட்ட அனுபவங்களையும் அவர் கண்டார். 1853இல் வெளியே வந்தார். ஒரேயொரு மறுப்புக் கடிதம்தான் இத்தனைக்கும் காரணம் என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். ஆனால் அதற்குப் பங்கில்லை என்றும் கூற முடியாது.

அதன் பின்னர் நடந்தது இன்னும் கொடுமை. 1858இல் லீபிக் ஒரு சொற்பொழிவில் மேயரைப் பாராட்டினார். ஆனால் இறந்துபோனவராகக் குறிப்பிட்டார். பொகென்டோர்ஃப் தொகுத்த விஞ்ஞானிகள் அகராதியும் அவர் மனநோயாளர் விடுதியில் இறந்ததாகச் சொல்லப்படுகிறது என எழுதி, பின்னிணைப்பில் திருத்தியது. மேயரோ ஹைல்பிரொனில் உயிரோடிருந்து நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதி வெளிநாட்டிலிருந்து வந்தது. லண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனைச் சேர்ந்த ஜோன் டின்டல், மேயரின் நூல்களைத் தேடிப்பெற உதவுமாறு கிளௌசியஸ் என்ற ஜேர்மன் அறிஞரிடம் கேட்டார். அவற்றில் பெரிதாக ஒன்றும் இராது என்று முதலில் எழுதிய கிளௌசியஸ், அனுப்புமுன் தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்துத் தமது கருத்தை மாற்றிக்கொண்டார். 1862 ஜூனில் டின்டல் ஆற்றிய சொற்பொழிவில், வியத்தகு முடிவுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இவையெல்லாம் எவருடையவை என்று இறுதியிலேயே வெளிப்படுத்தினார். மேயர் என்ற பெயர் அன்று மறுபிறவி எடுத்தது. யூலின் நண்பர்களான தொம்சனும் டெய்ற்றும் ஒரு ஜனரஞ்சகச் சஞ்சிகையில் இதற்கு எதிராக எழுதினர். ஆனால் இம்முறை மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் அச்சேறின. வாசகர்கள் இருபக்கத்தையும் அறிந்தனர். லண்டன் றோயல் சொசைட்டி 1870இல் யூலுக்கும் 1871இல் மேயருக்கும் தனது உயரிய கொப்லி பதக்கத்தை வழங்கியது.

இருவரில் எவர் பெரியவர் என்ற கேள்விக்கு நான் விடை தேட முற்படவில்லை. மேயரின் கணிப்பு இல்லாதிருந்தாலும் யூலின் அளவீடு நிகழ்ந்திருக்கும். யூலின் அளவீடு இல்லாதிருந்தால் மேயரின் கணிப்பை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்று சக்தியின் அலகு யூலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது கல்லறையில் அவர் கண்ட எண்ணான 772.55 பொறிக்கப்பட்டுள்ளது. ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை பரனைற் சூடாக்க, ஓர் இறாத்தல் எடை அத்தனை அடி விழ வேண்டும் என்பது அதன் பொருள். மேயரின் பெயரில் அலகு எதுவும் இல்லை. அவர் 1878 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டில்தான், 1832இல் இறந்த பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோவின் குறிப்பேட்டுப் பகுதிகள் வெளியாயின. இவர்கள் அனைவருக்கும் முன்னரே அந்த மாற்று விகிதத்தை அவரும் ஏறத்தாழக் கணித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. இன்னொரு லாச்சி, இன்னொரு காகிதக் கட்டு.

இதை எழுதும்போது என் சொந்த லாச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு வாரப் பதிப்பின் பக்கங்கள் என் பொறுப்பில் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது ஊரைப் பற்றி எழுதிய சிறு நூலைக் கடுமையாகச் சாடிய விமர்சனமொன்றை நான் பிரசுரித்தேன். அவர் கைப்பட எழுதிய நான்கு பக்க மறுப்பு தபாலில் வந்தது. நீளம் கூட, அடுத்த வாரம் பார்ப்போம் என்று லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த வாரம் விளம்பரங்கள். அதற்கடுத்த வாரம் வேறொரு பரபரப்பு. அலுவலகம் இடம் மாறியபோது அந்தக் கடிதம் மீண்டும் கைக்கு வந்தது. ஆறுதலாக வாசித்தேன். அவர் எடுத்துக்காட்டிய மூன்று விடயங்களில் இரண்டில் அவரே சரி. விசாரித்தபோது அவர் காலமாகி இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன என்றார்கள். நான் பொகென்டோர்ஃபைக் கடிந்துகொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எமது மலைநாட்டில் பெய்யும் மழை அணைகளில் தேங்கி, குழாய்களில் இறங்கி, லக்ஷபானவில் சுழலிகளைச் சுற்றி மின்சாரமாகி, என் மேசை விளக்கில் ஒளியாகிறது. அந்த நீரை மேலே ஏற்றியது சூரியன். 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர இதனை எடுத்துரைத்தபோது செவிசாய்த்தவர்கள் குறைவு. 1950இல்தான் லக்ஷபான இயங்கத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் அவரும் மறைந்தார். சக்தி மாறுவதற்குக் கணப்பொழுது போதும். மனிதரின் மனம் மாறத்தான் ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

சக்திக்கு அழிவில்லை என்பது இயற்கையின் விதி. உண்மைக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. அதை எவரேனும் அச்சேற்றியாக வேண்டும்.